கட்டாகப் போகும் பதிவுகள்: தொலைவிலுள்ள செய்திச் சர்வருக்கு அனுப்பும் கணக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிற்பகலில் இடி முழங்கத் தொடங்கினால், விவரம் தெரிந்தவர்கள் முதலில் மோடத்தின் கம்பியைப் பிடுங்கிப் போடுவார்கள். இல்லாவிட்டால் மறுநாள் ஈப்போவுக்குப் பஸ் ஏறிப் புதிய மோடம் வாங்கிவர வேண்டியிருக்கும். ஊரைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களுக்குள் நிலைமை இன்னும் மோசம்: மரம் சாய்ந்தால் கம்பி போகும், மின்சாரம் போனால் கைபேசிக் கோபுரம் அடங்கும். இங்கே கணினி வைத்திருப்பவர்கள் இணைப்பு அறுவதை அன்றாட வேலையின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டு திட்டமிட வேண்டும். நண்பர்கள் சிலர் சேர்ந்து கடை மாடியில் சிறிய யூஸ்நெட் சர்வர் ஒன்றை நடத்திவருகிறோம். யூஸ்நெட் என்பது பொருள்வாரியான செய்திக்குழுக்களில் எழுதும் பதிவுகளைச் சர்வர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் வலை. இங்கே எழுதப்படும் பதிவுகளைச் சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த கணினியில் உள்ள மற்றொரு சர்வருக்கு அது அனுப்புகிறது. “இந்தக் காலத்தில் எதற்காகக் கட்டுக் கட்டாகச் சேர்த்துவைத்து அனுப்புகிறீர்கள்? வந்த உடனே அனுப்பினால் என்ன?” என்று அடிக்கடி கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

யூஸ்நெட்டின் யோசனை 1979-ல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பிறந்தது. டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் திட்டம் போட்டார்கள். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் படித்த ஸ்டீவ் பெல்லோவின் முதல் வடிவத்தை எழுதினார். மையக் கணினி என்று ஒன்று அதில் இல்லை. ஒவ்வொரு சர்வரும் தன்னிடம் உள்ள பதிவுகளை அண்டைச் சர்வருக்குக் கொடுக்கும். அது அடுத்ததற்குக் கொடுக்கும். ஒரு பதிவு உலகைச் சுற்றிவர வேண்டுமானால், வழியில் உள்ள ஒவ்வொருவரும் அடுத்தவருக்குக் கைமாற்ற வேண்டும். எனவே யூஸ்நெட்டின் வரலாற்றில் பெரும்பகுதி இந்தக் கைமாற்றும் வேலையை மலிவாக்கிய கதைதான்.

அன்று அந்த வேலைக்கு யுயுசிபி என்ற முறை இருந்தது. யூனிக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும் கணினி ஒன்று மோடம் வழியாக மற்றொன்றைத் தொலைபேசியில் அழைத்து, வரிசையில் நிற்கும் கோப்புகளைக் கொடுத்துவிட்டு, எதிர்ப்பக்கத்தில் உள்ளவற்றை வாங்கிக்கொண்டு, போனை வைத்துவிடும். பல நாடுகளில் இரவு நேரத்தில் கட்டணம் குறைவு என்பதால் அழைப்புகள் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகுதான் நடக்கும். கோப்பை அனுப்புவது மட்டுமல்லாமல், “இந்தக் கோப்பை இந்த நிரலுக்கு ஊட்டு” என்று எதிர்ப்பக்கக் கணினிக்குக் கட்டளையிடவும் யுயுசிபியால் முடியும். செய்திப் பதிவுகள் அப்படித்தான் போயின. பதிவு ஒரு கோப்பு. அதை ‘ஆர்நியூஸ்’ என்ற நிரலுக்கு ஊட்டச் சொல்லும் கட்டளை இன்னொரு கோப்பு.

செலவு இங்கேதான் தொடங்குகிறது. பதிவு ஒன்றுக்கு இரண்டு கோப்புகள். ஒவ்வொன்றுக்கும் தனியாக “அனுப்பட்டுமா, அனுப்பு, முடிந்தது” என்ற பேச்சு. எதிர்ப்பக்கத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் ஆர்நியூஸ் ஒரு முறை புதிதாக எழுந்து, பட்டியல்களைத் திறந்து, பதிவை உரிய இடத்தில் வைத்து, மூடிவிட்டுத் தூங்கப் போகும். ஐந்து வரிப் பதிவுக்கும் இதே சடங்கு. இருநூறு பதிவு என்றால் இருநூறு சடங்கு. பதிவின் எழுத்துகளைவிடச் சடங்கின் எடை கூடிப்போயிற்று.

இதற்குக் கிடைத்த தீர்வு மிக எளிமையானது. பல பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோப்பில் அடுக்கு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரே ஒரு வரி போடு. அந்த வரி இப்படி இருக்கும்: ‘#!’ என்ற குறி, ஆர்நியூஸ் என்ற பெயர், பிறகு ஓர் எண். 1873 என்று எண் இருந்தால், அடுத்த வரியிலிருந்து சரியாக 1873 பைட் ஒரு பதிவு. அது முடிந்த இடத்தில் அடுத்த ‘#!’ வரி நிற்க வேண்டும். 1987 டிசம்பரில் மார்க் ஹார்ட்டனும் ரிக் ஆடம்ஸும் எழுதிய ஆர்எஃப்சி 1036 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இந்த அமைப்பைச் சொல்லிவைத்திருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ மாறியும், ஒரு வரி ஓர் எண் என்ற இந்த ஏற்பாடு இன்றும் செல்லுபடியாகிறது.

எண் பைட் கணக்கில் இருக்கிறது என்பதைத் தமிழில் எழுதுபவர்கள் இரண்டு முறை படிக்க வேண்டும். ‘வணக்கம்’ என்பதை நாம் ஐந்து எழுத்தாக எண்ணுவோம். யூனிகோடில் புள்ளிகள் தனிக் குறியீடுகள் என்பதால் அங்கே அது ஏழு குறியீடு. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். ஆகக் கம்பியில் போவது 21 பைட். கட்டுக் கட்டும் நிரலைத் தானே எழுதிப் பார்க்கும் இளைஞர், ‘நீளம்’ என்று கேட்டால் மொழி நூலகம் கொடுக்கும் எண்ணை அப்படியே வரியில் போட்டுவிடுவார். ஆங்கிலப் பதிவுகளில் எல்லாம் சரியாக ஓடும். முதல் தமிழ்ப் பதிவு வந்ததும் கணக்கு இடறும். எதிர்ப்பக்கம் 7 பைட் படித்துவிட்டு நிற்கும். மீதி 14 பைட்டை அடுத்த ‘#!’ வரி என்று நினைத்துப் பார்க்கும். அது குப்பையாகத் தெரியும். ஒரு பதிவில் நேர்ந்த பிழைக்காகப் பின்னால் நிற்கும் நல்ல பதிவுகளும் தண்டனை அனுபவிக்கும். வரி முடிவுக் குறியில் ஒரு பைட்டா இரண்டு பைட்டா என்ற குழப்பமும் இதே விளைவைத் தரும்.

தமிழுக்கு அந்த நாட்களில் இன்னொரு தொல்லையும் இருந்தது. வழியில் இருந்த மென்பொருள்கள் சில ஒவ்வொரு பைட்டின் எட்டாவது பிட்டையும் வெட்டி எறிந்துவிடும். ஆங்கில எழுத்துகள் ஏழு பிட்டுக்குள் அடங்கிவிடுவதால் ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு அது தெரியாது. நம் எழுத்துருக் குறியீடுகள் மேல் பாதியில் இருந்ததால் தமிழ் சிதைந்து வரும். ‘சொக்.கல்ச்சர்.தமிழ்’ என்ற செய்திக்குழுவில் ஆங்கில எழுத்துகளில் தமிழை எழுதியதற்குச் சோம்பல் காரணமில்லை. அப்படி எழுதினால்தான் பதிவு முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

கட்டாகச் சேர்த்ததில் கிடைத்த அடுத்த லாபம் சுருக்குதல். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அன்று புழங்கிய ‘கம்ப்ரஸ்’ நிரல் எல்இசட்டபிள்யூ என்ற முறையில் வேலை செய்யும். டெரி வெல்ச் 1984-ல் வெளியிட்ட முறை அது. படித்துக்கொண்டே போகும்போது எதிர்ப்படும் எழுத்துத் தொடர்களை ஓர் அகராதியில் சேர்த்து, அதே தொடர் மறுபடி வந்தால் முழுவதையும் எழுதாமல் அகராதி எண்ணை மட்டும் எழுதும். தொடக்கத்தில் அகராதியில் தொடர்களே இருக்காது. இரண்டாயிரம் பைட் பதிவு ஒன்றைத் தனியாகக் கொடுத்தால், அகராதி நிறையத் தொடங்கும்போதே பதிவு முடிந்துவிடும், பலன் சொற்பம். ஐம்பது பதிவுகளைக் கட்டாகக் கொடுத்தால் கதையே வேறு. யூஸ்நெட் பதிவுகளின் தலைப்பகுதிகள் ஒரே அச்சில் வார்த்தவை: அனுப்புநர், குழு, பொருள், தேதி, வந்த வழி என்று அதே சொற்கள் ஒவ்வொரு பதிவிலும் வரும். முதல் சில பதிவுகள் அகராதியை நிரப்பிக் கொடுக்க, பின்னால் வருபவை மலிவாகப் போகும். ஆங்கில உரை ஏறத்தாழப் பாதியாகும். சுருக்கிய கட்டின் முதல் வரியில் ‘#! கன்பேட்ச்’ என்று போட்டிருப்பார்கள்; எதிர்ப்பக்கத்தில் முதலில் விரி, பிறகு பிரி என்று அதற்குப் பொருள். நினைவகம் குறைந்த கணினிகளுக்காக அகராதியின் அளவைப் 16 பிட்டுக்குப் பதிலாக 12 பிட்டோடு நிறுத்தவும் வழி இருந்தது.

சுருக்குதலைப் பற்றித்தான் எல்லோரும் வியந்து பேசுவார்கள். எனக்கு அதில் பெரிய வியப்பு இல்லை. வேகமான கம்பி வந்ததும் அதன் பெருமை பாதியாகிவிட்டது. கட்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்குத்தான் மூளை அதிகம் தேவைப்படுகிறது.

பெரிய கட்டு என்றால் சடங்கு குறையும், சுருக்கம் கூடும். அப்படியானால் ஒரு நாள் முழுவதற்கும் ஒரே கட்டாகக் கட்டிவிடலாமே? கட்டலாம், இடி இல்லாத ஊரில். வினாடிக்கு 2400 பிட் மோடம் ஏறக்குறைய 240 பைட்டைக் கடத்தும். ஒரு மெகாபைட் கட்டு போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல், கிட்டத்தட்ட 70 நிமிடம் ஆகும். பழைய யுயுசிபி, கோப்பை 64 பைட் பொட்டலங்களாக வெட்டி, ஒவ்வொன்றின் கூட்டலையும் சரிபார்த்து அனுப்பும். பொட்டலம் கெட்டால் அதை மட்டும் மறுபடி அனுப்பும். ஆனால் அழைப்பே அறுந்துபோனால் பாதி வந்த கோப்பு வீண். அடுத்த அழைப்பில் முதல் பைட்டிலிருந்து தொடங்க வேண்டும். 65-வது நிமிடத்தில் அறுந்தால் 65 நிமிடக் கட்டணமும் போயிற்று. ஒரு லட்சம் பைட் கட்டுகளாகப் பிரித்தால் ஒன்றுக்கு ஏழு நிமிடம். எப்போது அறுந்தாலும் நட்டம் ஏழு நிமிடத்துக்குள் நின்றுவிடும். அந்த ஒரு லட்சம் பைட் என்ற அளவைப் பல இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினார்கள். வினாடிக்கு 14,400 பிட் மோடத்துக்கு மாறியவர்களுக்கு அதே கட்டு 70 வினாடி வேலை. அவர்கள் தாராளமாக அளவைக் கூட்டியிருக்கலாம், பலர் கூட்டவில்லை. கட்டின் அளவு கம்பியின் வேகத்தையும் அது எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை அறுகிறது என்பதையும் பார்த்து வைக்க வேண்டியது. பிறர் அமைப்புக் கோப்பிலிருந்து நகலெடுத்தால் அவர்கள் ஊர் வானிலையையும் சேர்த்து நகலெடுத்ததாகிவிடும்.

டொரண்டோ பல்கலைக்கழகத்தில் ஜெஃப் கோலியரும் ஹென்றி ஸ்பென்சரும் எழுதிய சி-நியூஸ் மென்பொருளில் இதற்கென்றே ஓர் அமைப்புக் கோப்பு உண்டு. எந்தச் சர்வருக்கு, எவ்வளவு பெரிய கட்டு, சுருக்குவதா வேண்டாமா, எந்த வழியாக அனுப்புவது என்று வரிக்கு ஒரு சர்வராக எழுதியிருக்கும். இவற்றோடு இன்னோர் எண்ணும் இருக்கும்: அனுப்பப்படாத கட்டுகள் எத்தனை வரை வரிசையில் நிற்கலாம் என்பது. எதிர்ப்பக்கக் கணினி ஒரு வாரம் படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரம்பு இல்லாவிட்டால் கட்டும் நிரல் விசுவாசமாகக் கட்டிக்கொண்டே இருக்கும். வட்டு நிரம்பி நம் சர்வரும் கூடவே படுத்துவிடும். வரம்பைத் தொட்டதும் கட்டுவதை நிறுத்தி, பதிவுகளின் பெயர்களை மட்டும் ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டு போகும். பட்டியலில் பதிவு ஒன்றுக்கு ஒரு வரிதான்: எந்தக் குழு, எந்த எண், எத்தனை பைட். பத்தாயிரம் பதிவு நிலுவையில் நின்றாலும் பட்டியல் சில நூறு ஆயிரம் பைட்டைத் தாண்டாது.

அந்தப் பட்டியல்தான் இந்த ஏற்பாட்டின் உயிர். கட்டு இன்று கட்டி நாளை அவிழ்ப்பது. இன்னும் யாருக்கு என்ன பாக்கி என்பதைப் பட்டியல் மட்டுமே அறியும்.

யுயுசிபி கட்டுக்கு ஒரு குறை உண்டு: கண்ணைக் கட்டிக்கொண்டு அனுப்புவது. எதிர்ப்பக்கத்துக்கு வேறு அண்டையும் இருந்தால், அதே பதிவு அங்கிருந்து ஏற்கெனவே வந்திருக்கும். நாம் காசு செலவழித்து அனுப்பியதை அது குப்பையில் போடும். முதலில் ஒவ்வொரு பதிவுக்கும் உரிய தனி அடையாளங்களை மட்டும் அனுப்பி, எது வேண்டும் என்று பதில் வந்தபின் பதிவை அனுப்பும் வழியும் இருந்தது. ஆனால் அழைப்பு ஒரு நாளைக்கு ஒன்று என்றால் பதிவு மூன்றாம் நாள்தான் போய்ச் சேரும்.

1986 பிப்ரவரியில் பிரையன் காண்டரும் ஃபில் லாப்ஸ்லியும் வெளியிட்ட என்என்டிபி நெறிமுறை இந்தக் குருட்டுத்தனத்தைப் போக்கியது. இணைப்பு நேரடியாக இருக்கும்போது கேட்டுக் கேட்டுக் கொடுக்கலாம். “என்னிடம் இந்த அடையாளமுள்ள பதிவு இருக்கிறது” என்று அனுப்புபவர் சொல்வார். அதற்கான கட்டளை ‘ஐஹேவ்’. 335 என்று பதில் வந்தால் கொடு என்று பொருள். 435 என்றால் வேண்டாம். கொடுத்து முடித்ததும் 235 வந்தால் பெற்றுக்கொண்டாயிற்று. 436 என்றால் இப்போது முடியவில்லை, பிறகு வா. 437 என்றால் இதை ஏற்க மாட்டேன், மறுபடி கொண்டுவராதே. பிற்பாடு 1992-ல் ரிச் சால்ஸ் வெளியிட்ட ஐஎன்என் மென்பொருளில் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு இந்த உரையாடலை நடத்தும் நிரலுக்கு ‘இன்எக்ஸ்மிட்’ என்று பெயர். எங்கள் மாடியில் ஓடுவதும் அதுதான்.

கேட்டுக் கொடுப்பதற்கு விலை காத்திருப்பு. மலேசியாவுக்கு இந்த விலை நன்றாகவே தெரியும். மைமோஸ் நிறுவனம் நடத்திய ஜாரிங் என்ற இணையச் சேவை 1992-ல் அமெரிக்காவோடு இணைந்தது வினாடிக்கு 64 கிலோபிட் செயற்கைக்கோள் இணைப்பு வழியாக. பூமியோடு சேர்ந்து சுற்றும் செயற்கைக்கோள் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. கேள்வி மேலே போய்க் கீழே இறங்கக் கால் வினாடி, பதில் அதே வழியில் திரும்பக் கால் வினாடி. ஐஹேவ் முறையில் பதிவு ஒன்றுக்கு இப்படி இரண்டு சுற்று: கேட்டு ஒரு சுற்று, கொடுத்து ஒரு சுற்று. ஆக ஒரு வினாடி வெறும் காத்திருப்பு. இரண்டாயிரம் பைட் பதிவை அந்தக் கம்பி கால் வினாடியில் கடத்திவிடும். கால் வினாடி வேலைக்கு ஒரு வினாடி ஓய்வு! பத்தாயிரம் பதிவுக்குக் காத்திருப்பு மட்டுமே 2 மணி 46 நிமிடம். நாடே பங்குபோட்டுக்கொண்ட கம்பி, ஐந்தில் நான்கு பங்கு நேரம் சும்மா கிடக்கும்.

பதில் வரும்வரை கைகட்டி நிற்காமல் அடுத்தடுத்த கேள்விகளை வரிசையாக அனுப்பிக்கொண்டே இருப்பதுதான் இதற்கு மருந்து. ‘செக்’ என்ற கட்டளையில் ஐம்பது அடையாளங்களை ஒரே மூச்சில் கேட்கலாம். 238 என்று பதில் வந்தவற்றை மட்டும் ‘டேக்திஸ்’ கட்டளையில் பதிவோடு சேர்த்துத் தள்ளலாம். அதற்கு 239 வந்தால் சரி. பதில்கள் பின்னால் வந்துகொண்டிருக்க, முன்னால் பதிவுகள் போய்க்கொண்டிருக்கும். 1990-களிலேயே புழக்கத்துக்கு வந்த இந்த முறை 2006-ல் ஆர்எஃப்சி 4644 ஆகத் தரப்படுத்தப்பட்டது. கொஞ்சம் யோசித்தால் இதுவும் ஒரு வகைக் கட்டுதான். அன்று கோப்பில் அடுக்கியதை இன்று கம்பியிலேயே அடுக்குகிறோம்.

பட்டியலைக் கையாளும் விதத்துக்கு வருகிறேன். சர்வர் நாள் முழுவதும் பட்டியலின் கடைசியில் புதிய வரிகளைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். அதே நேரத்தில் இன்எக்ஸ்மிட் அதைப் படிக்க வேண்டும். இருவரும் ஒரே கோப்பில் கை வைத்தால் வரி தொலையும். எனவே முதலில் கோப்பின் பெயரை மாற்ற வேண்டும். பெயரை மாற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் யூனிக்ஸை அறியாதவர்கள். கோப்பைத் திறந்து வைத்திருக்கும் சர்வருக்குப் பெயர் மாறியது தெரியாது; அது பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும். “உன் கையிலுள்ளதை மூடிவிட்டுப் புதிதாகத் திற” என்று சர்வருக்குச் சொல்ல வேண்டும். அது மூடிப் புதிய கோப்பைத் திறந்தபின்தான் பழையதை எடுத்துக்கொண்டு அனுப்பத் தொடங்கலாம். பெயர் மாற்று, மூடச் சொல், அனுப்பு: இந்த வரிசையில் இரண்டும் மூன்றும் இடம் மாறினால் பதிவுகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். பிழைச்செய்தி எதுவும் வராது. குறித்த நேரத்தில் தானாக ஓடும்படி அமைத்திருந்தால், முந்தைய ஓட்டம் முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடாதபடி பூட்டுக் கோப்பும் வேண்டும்.

மாடியில் உதவிக்கு வரும் தம்பி ஒருவர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வருகிறார். கெட்டிக்காரர், கொஞ்சம் அவசரக்காரர். ஒருநாள் மழை விட்டு இணைப்பு திரும்பியதும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் கூப்பிட்டார்.

“அண்ணே, லைன் வந்துவிட்டது, அனுப்புவதும் தெரிகிறது. ஆனால் பட்டியல் ஒரு வரிகூடக் குறையவில்லையே?”

“ஓடும்போது குறையாது, தம்பி. கடைசியில்தான் மீதியை எழுதிவைக்கும்.”

“அப்படியானால் இப்போது மின்சாரம் போனால்?”

“முழுப் பட்டியலும் அப்படியே இருக்கும். மறுபடி முதலிலிருந்து கேட்கும்.”

“கொடுத்ததையே திரும்பக் கொடுக்குமா?”

கேட்க வேண்டிய கேள்வி. இன்எக்ஸ்மிட் ஒழுங்காக நிறுத்தப்பட்டால், கொடுத்து முடித்தவற்றை நீக்கிவிட்டு மீதியைப் புதிய பட்டியலாக எழுதிவைக்கும். திடீரென்று செத்தால் பழைய பட்டியல் முழுசாகக் கிடக்கும். அடுத்த ஓட்டத்தில் முதல் வரியிலிருந்து “இது இருக்கிறதா?” என்று கேட்கும், போய்ச் சேர்ந்தவற்றுக்கெல்லாம் “வேண்டாம்” என்று பதில் வரும். கேள்வி வீண், பதிவு வீணில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத அடையாளம் இருப்பதாலும், பெறும் சர்வர் தான் பார்த்த அடையாளங்களையெல்லாம் வரலாற்றுக் கோப்பில் குறித்துவைப்பதாலும் இது முடிகிறது. இரண்டு முறை அனுப்பினாலும் ஒரு முறைதான் பதியும். அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்ற சந்தேகம் வந்தால் தயங்காமல் மறுபடி அனுப்பலாம். அனுப்பாமல் விடுவதுதான் தவறு. வங்கிப் பரிமாற்றத்தில் இந்தத் துணிச்சலைக் காட்டிப் பாருங்கள்!

சந்தேகம் வரும் இடம் எது என்று குறிப்பாகச் சொல்லலாம். பதிவின் கடைசியில் தனி வரியில் ஒரு புள்ளி வைத்தால் முடிந்தது என்று பொருள். அந்தப் புள்ளி போய்விட்டது. 235 வருவதற்குள் கம்பி அறுந்தது. எதிர்ப்பக்கம் பெற்றுவிட்டு அறுந்ததா, பெறுவதற்குள் அறுந்ததா? இந்தப் பக்கத்திலிருந்து அறியவே முடியாது. எந்த நெறிமுறையாலும் இந்த இருட்டை ஒழிக்க முடியாது. அதன் விளைவைத்தான் தீங்கற்றதாக்க முடியும். ரப்பர் காலத்துத் தோட்டத்தில் பால் நிறுக்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாளி தராசில் ஏறி, கிராணி என்ற தோட்டத்து எழுத்தர் பேரேட்டில் எழுதும்வரை பால் வெட்டியவரின் பொறுப்பு. எழுதியபின் ஸ்டோரின் பொறுப்பு. 235 அந்தப் பேரேட்டு வரி. அது கைக்கு வரும்வரை பெயரைப் பட்டியலிலிருந்து அடிக்கக் கூடாது.

யுயுசிபி கட்டில் இந்த எல்லைக்கோடு வேறு இடத்தில் இருந்தது. கட்டு யுயுசிபியின் வரிசைக்குப் போனதுமே செய்தி மென்பொருள் தன் பட்டியலில் பெயர்களை அடித்துவிடும். கோப்பு முழுசாகப் போய்ச் சேர்வதற்கு யுயுசிபி பொறுப்பு; அந்த வேலையை அது ஒழுங்காகவே செய்தது. ஆனால் எதிர்ப்பக்கத்தில் கட்டு விரிக்கப்படாமல் போனால், அது ஒரு மூலையில் கெட்ட கட்டுகளுக்கான இடத்தில் கிடக்கும். அனுப்பியவருக்குத் தகவல் போகாது. அங்குள்ள நிர்வாகி அந்த மூலையைப் பார்க்கும் பழக்கமுள்ளவரா என்பதைப் பொறுத்தது மற்றதெல்லாம். எனக்கு யுயுசிபி மீது பெரிய மரியாதை உண்டு; இருந்தாலும் இந்த ஒரு காரணத்துக்காகவே கேட்டுக் கொடுக்கும் முறையை எடுத்துக்கொண்டேன்.

436-க்கும் 437-க்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். 436 வந்த பெயர் பட்டியலில் தங்கும். 437 வந்த பெயர் நீங்கும். எதிர்ப்பக்கத்தில் வட்டு நிரம்பியிருக்கும்போது அது 436 சொல்ல வேண்டும். பொறுமையற்ற யாரோ எழுதிய வடிகட்டி 437 சொல்லிவிட்டால், நம் பட்டியல் கீழ்ப்படிதலோடு எல்லாவற்றையும் அடித்துவிடும். அண்டைச் சர்வரோடு புதிதாக இணையும்போது, வேகத்தைச் சோதிப்பதற்கு முன்னால் அது எப்போது எந்த எண்ணைச் சொல்கிறது என்று சோதிப்பது நல்லது.

பட்டியலின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. எதிர்ப்பக்கத்தின் வரலாற்றுக் கோப்பு எல்லாவற்றையும் என்றென்றும் நினைவில் வைத்திருக்காது. அப்படி வைத்தால் அதுவே வட்டைத் தின்றுவிடும். ஒரு காலத்துக்குப் பிறகு பழைய அடையாளங்களை அது மறக்கும். மறந்த பதிவு ஒன்று எங்கோ ஒரு பழைய பட்டியலிலிருந்து திரும்பி வந்தால், புதிதென்று ஏற்று, மறுபடி உலகுக்குப் பரப்பிவிடும். இதைத் தடுக்க, குறிப்பிட்ட நாளுக்கு முந்தைய தேதியுள்ள பதிவை வாசலிலேயே மறுக்கிறார்கள். ஐஎன்என் மென்பொருளில் மாற்றாமல் விட்டால் அந்த வரம்பு 10 நாள். அடையாளங்களை அதைவிடச் சற்றுக் கூடுதலான நாள் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

தோட்டப்புறத்தில் 10 நாள் ஒன்றும் பெரிய காலமில்லை. வெட்டப்பட்ட கம்பிக்குப் புகார் கொடுத்து, ஆள் வந்து பார்த்து, பொருள் இல்லை என்று போய், மறுபடி வருவதற்குள் அது கடந்துவிடும். நடுவில் தீபாவளி விடுமுறையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இணைப்பு திரும்பியதும் பட்டியல் உற்சாகமாக ஓடும், முன்வரிசையில் நிற்கும் பழைய பதிவுகளுக்கெல்லாம் 437 வரும், பெயர்கள் நீங்கும், பட்டியல் காலியாகும். பார்ப்பவருக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தது போலத் தெரியும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு அனுப்பத் தொடங்குமுன் பட்டியலை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். எதிர்ப்பக்க நிர்வாகியிடம் சொல்லி, பதிவு வரம்பையும் அடையாள நினைவையும் இரண்டையும் சேர்த்துச் சில நாளுக்கு உயர்த்தச் சொல்ல வேண்டும். பதிவு வரம்பை மட்டும் உயர்த்தினால் பழைய பதிவுகள் இரட்டையாக முளைக்கும். அவர் உயர்த்திவிட்டேன் என்று சொன்னபின் நகலை இன்எக்ஸ்மிட்டின் கையில் கொடுத்தால் போதும். ஏற்கெனவே போனவற்றை அது கேட்டுத் தெரிந்துகொள்ளும்.